நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்!

விருந்துக்கு வந்தவர்கள் சாம்பாரை வாயில் வைத்ததுமே "பிரமாதம்!" என்பார்கள். உப்பு ஒரு கல் தூக்கல் என்பது, அவர்கள் போன பிறகு நாம் சாப்பிட உட்காரும்போதுதான் தெரியவரும். போட்டோ விஷயமும் அப்படித்தான், சகோதரிகளே. யாரிடம் காட்டினாலும் "நல்லாயிருக்கே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் நமக்கு என்ன லாபம்?

புதுக்கோட்டையில் நாங்கள் ஆறு பெண்கள், மாதம் ஒருமுறை எங்காவது வெளியே போய்ப் படம் பிடிக்கிறோம். யாருக்கும் தொழில் தெரியாது. ஐந்து பேரிடம் கைப்பேசி. ஒருத்தியிடம் மட்டும் வீட்டுக்காரருடைய காமிரா. எடுத்ததில் ஆளுக்கு மூன்றைப் பொறுக்கி, ஸ்டூடியோவில் மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டு, அடுத்த வாரம் யார் வீட்டிலாவது பாய் விரித்துப் பரப்புவோம். அப்புறம்தான் கச்சேரி!

எங்களில் மூத்தவர் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரக்கா என்போம். முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார். "நல்லாயிருக்குங்கிற வார்த்தையை இந்தப் பாயில யாரும் சொல்லக்கூடாது. சொன்னா அன்னைக்கு டிபன் பாத்திரம் பூரா அவங்க கழுவணும்!" முதல் மாதம் நான்தான் கழுவினேன்.

போன தை மாதம் நார்த்தாமலைக்குக் கிளம்பினோம். திருச்சி சாலையில் போய் உள்ளே திரும்ப வேண்டும். நான் புறப்படுவதைப் பார்த்து என் மாமியாரும் புடவையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கீழேயே உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். "நானும் மேல வர்றேன்த்தா" என்றார். மூட்டுவலிக்காரர்! தண்ணீர் பாட்டிலும் கையுமாக, பத்தடிக்கு ஒரு தடவை நின்று நின்று, மேலமலைப் பாறையில் ஏறியும்விட்டார்.

மேலே விஜயாலய சோழீச்சரம். பெயர்தான் சோழன் பெயர்; கட்டியவர் முத்தரையர் தலைவரான சாத்தன் பூதி. மழையில் சேதப்பட்டதை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. வெளியே பார்த்தால் சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் குட்டிக் குட்டிக் கோயில்கள். எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். அதில் பெரியதன் சுவரில், ஒரே அச்சில் வார்த்ததுபோல் பன்னிரண்டு விஷ்ணு! பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

காற்று வாங்கிக்கொண்டிருந்த மாமியார் திடீரென்று, "என்னைய ஒரு படம் எடு" என்றார். "எனக்குன்னு ஒரு படம் இல்லை பாரு. கல்யாணப் போட்டோவுல மூணாவது வரிசையில நிக்கிறேன். அடையாள அட்டையில திருடி மாதிரி முழிக்கிறேன். நான் போனா மாட்டுறதுக்கு உருப்படியா ஒண்ணு வேணாமா?"

"சும்மா இருங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, கோயில் வாசலில் நிறுத்தி எடுத்தேன். காலை எட்டரை மணி. விமானம் முழுசாக வந்துவிட்டது. எனக்கு ரொம்பத் திருப்தி.

அடுத்த வாரம் பாய் விரித்தோம். என் படம் கைக்குக் கை போயிற்று. யாரும் பேசவில்லை. எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்திருந்த எங்கள் கடைக்குட்டிதான் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, கோயில் தெரியுது. அத்தையைத்தான் காணோம்."

சுருக்கென்றது எனக்கு. நேற்று வந்தவள், இவள் என்ன சொல்வது? "வேணும்னுதான் நிழலா எடுத்தேன்" என்று கூசாமல் ஒரு பொய் சொன்னேன். டீச்சரக்கா என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் படத்தைத் திருப்பி வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். "யாருத்தா இது, கறுப்பா நிக்கிறது?"

நீங்களே சொல்லுங்கள், மறுபடி டீச்சரக்காவிடம் போகாமல் என்ன செய்வது?

அவர் திட்டவில்லை, காபி கொடுத்தார். "நீ எங்க நின்னே, எத்தனை மணி, அதை மட்டும் சொல்லு" என்றார். விஷயம் வெகு சாதாரணம். அந்தக் கோயில் மேற்குப் பார்த்தது. காலையில் சூரியன் அதன் முதுகுப் பக்கம் இருக்கும். வாசலில் நிற்பவர் முகத்தில் நிழல்தான் விழும். கைப்பேசியோ பளீரென்ற வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். முகம் இன்னும் கறுத்துப்போகும். எடுக்கும்முன் திரையில் முகத்தின் மேல் விரலால் தொட்டால் ஓரளவு சரியாகும். ஆனால் முழு மருந்து, நேரம் பார்த்துப் போவதுதான். காலையில் எதிரே உள்ள குடைவரைகளுக்குள் வெளிச்சம் வரும், அவற்றை அப்போது எடு; சாயங்காலம் கோயில் வாசலுக்கு வா, என்றார். கோலம் போட எந்தப் பக்கம் வாசல் என்று தெரிந்த நமக்கு, இது தோன்றாமல் போயிற்றே!

என் முகம் தெளியவில்லை என்று கண்டு ஒரு கதையும் சொன்னார். லின்னேயஸ் டிரைப் என்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் ஓர் அதிகாரி. போட்டோ பிடிப்பது அவருக்கு முதலில் பொழுதுபோக்குதான். 1854இல் பேலூர், ஹளேபீடுக் கோயில்களைப் படமெடுத்து, 1855இல் சென்னையில் நடந்த கண்காட்சிக்கு 68 படங்களைக் கொண்டுபோய் வைத்தார். நடுவர்கள் பார்த்து முதல் வகுப்புப் பதக்கம் கொடுத்தார்கள். அப்புறம் அரசாங்கமே அவரைச் சென்னை மாகாணத்தின் புகைப்படக்காரர் ஆக்கியது. மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் என்று சுற்றி, நம் புதுக்கோட்டைக்கும் வந்து, 1858இல் புதுக்கோட்டைக் காட்சிகள் என்றே தனி ஆல்பம் வெளியிட்டார். சென்னைப் புகைப்படச் சங்கம்கூட அந்தக் காலத்தில், 1857இல், பிறந்ததுதான், இன்றும் இருக்கிறது. படத்தைக் கொண்டுவந்து நாலு பேர் முன்னால் வைத்துக் குறை கேட்பது நாம் கண்டுபிடித்த வழக்கமில்லை என்று தெரிகிறதல்லவா?

அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் நீல வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ் மேலேயே தூரிகையால் மேகம் வரைந்து சேர்த்தார். பதக்கம் வாங்கியவருக்கே வானம் சரியாக வரவில்லை என்று கேட்டதும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி, மறுநாள் கடைக்குட்டி வீட்டுக்குப் பணியாரம் கொண்டுபோனபோது இறங்கியது.

அவளுக்கும் பாயில் பூசை விழாமலில்லை. தன் குழந்தையை எப்போதும் நின்றுகொண்டே எடுப்பாள். மேலிருந்து எடுத்தால் தலை பூசணிக்காய், கால் வெண்டைக்காய்! "தரையில உட்காரு, குழந்தை கண்ணுக்கு நேரா பிடி" என்று சொன்னோம். இப்போது குப்புறப் படுத்தே எடுக்கிறாள். காமிராக்காரி நார்த்தாமலையில் ஆடு மேய்க்கும் அம்மாள் ஒருத்தியை எடுத்திருந்தாள். வெளிச்சம், நிழல், எல்லாம் கச்சிதம். டீச்சரக்கா கேட்டது ஒரே கேள்வி: "அவங்களைக் கேட்டுட்டு எடுத்தியா?" கேட்கவில்லை. அந்தப் படத்தைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. மறுமுறை போனபோது அவள் அந்த அம்மாளைத் தேடிப் பிடித்துப் பிரிண்டைக் கையில் கொடுத்தாள். "ஆட்டை மட்டும் எடுத்திருக்கலாம்ல, என் தலை பரட்டையா இருக்கே!" என்றாராம். விமர்சனம் எங்கிருந்தெல்லாம் வருகிறது, பாருங்கள்!

அந்த மறுமுறை, மாசியில். மாமியாருக்கு இரண்டாம் தடவை மலையேற்றம். மூட்டுக்குத் தைலம், மறுபடி தண்ணீர் பாட்டில். நாலு மணிக்கு வாசல் பக்கம் பொன்னாக இருந்தது. எதிரே நிறுத்தினேன். வெயில் நேரே கண்ணில் விழுந்து கண்ணை இடுக்கிக்கொண்டார். கடைக்குட்டி என் காதில், "கொஞ்சம் உள்ளே நிழல்ல உட்கார வைங்கக்கா" என்றாள். இந்தத் தடவை எனக்குச் சுருக்கென்று இல்லை. வாசற்படியில், வெயில் நிற்கும் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே உட்கார வைத்தேன். தரைப் பாறையில் பட்ட வெளிச்சம் முகத்தில் இதமாக ஏறியது. நன்றாக வரவேண்டுமே என்று திரையைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தேன். "ஏய், பள்ளத்துல விழுந்துடாதே, அப்புறம் உன் படத்தை இல்ல மாட்டணும்!" என்று சொல்லி அவரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் எடுத்தேன். (பின்னால் நகரும்போது திரையைப் பார்க்காதீர்கள். நின்று, திரும்பிப் பார்த்து, அப்புறம் நகருங்கள். பாறை மன்னிக்காது.)

பாயில் அந்தப் படம் வந்தபோது எல்லோரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். மாமியாரும் அன்று கூட வந்திருந்தார். டீச்சரக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முகம் வந்துடுச்சு. ஆனா மூலையில அந்த நீல பாட்டில் எதுக்கு? வெட்டிடு" என்றார்.

"பாட்டில் இருக்கட்டும்" என்றார் மாமியார். "அது இல்லேன்னா நான் அன்னைக்குக் கீழ இறங்கியிருக்கவே மாட்டேன்."

படம் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது, பாட்டிலோடு. அவரே ஆணி அடிக்கச் சொன்னார். "இப்பவே மாட்டு. நானும் பாக்கணும்ல!"