மெல்போர்ன் பிரபுவின் கனிவான கண்கள்

பிரித்தானிய ஐடிவி தொலைக்காட்சி 2016 முதல் 2019 வரை மூன்று பருவங்களாக ஒளிபரப்பிய ‘விக்டோரியா’ தொடரின் தொடக்க அத்தியாயங்களில் காதல் நாயகன் இளவரசர் ஆல்பர்ட் அல்லர். பிரதமர் மெல்போர்ன் பிரபு. 18 வயதில் அரியணை ஏறிய பெண்ணுக்கு அரசியல் கற்பிக்கும் ஆசானாக வரும் அவர், விரைவிலேயே அவளது மனத்தைக் கவர்ந்துவிடுகிறார். பிராக்கெட் ஹால் மாளிகைக்கே தேடிச் சென்று அரசி தன் காதலைச் சொல்கிறாள். தன் காதலை மறைத்துக்கொண்டு அவர் மென்மையாக மறுக்கிறார். ரூஃபஸ் சீவெல் என்னும் நல்ல நடிகரின் கனிந்த கண்கள் மீதியைச் செய்துவிடுகின்றன.

1837இல் உண்மையான மெல்போர்னுக்கு வயது 58. தந்தையை இழந்து வளர்ந்த இளம்பெண் அவர்மீது அளவற்ற பற்று வைத்திருந்தாள் என்பதற்கு அவளது நாட்குறிப்பே சான்று. காதலைச் சொன்னாள், அவர் மறுத்தார் என்பதோ திரைக்கதை ஆசிரியர் டெய்சி குட்வினின் கற்பனை. கற்பனைக்குக் கலைஞருக்கு உரிமை உண்டு, குறை அதிலில்லை. அந்தக் கண்களுக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பதைத் தொடர் சொல்லவே இல்லை என்பதுதான் குறை.

அரசி முடிசூடுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1834இல், மெல்போர்ன் உள்துறை அமைச்சர். டோர்செட் மாவட்டத்தின் டால்புடில் என்னும் சிற்றூரில் பண்ணைத் தொழிலாளரின் வாரக்கூலி ஒன்பது ஷில்லிங்கிலிருந்து எட்டாகவும் பிறகு ஏழாகவும் வெட்டப்பட்டது. ஆறாகக் குறையும் என்ற மிரட்டலும் வந்தது. ஜார்ஜ் லவ்லெஸ் என்பவரின் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தனர். சங்கம் அமைப்பது அப்போது குற்றமன்று. நிலவுடைமையாளரும் நீதிமானுமான ஜேம்ஸ் ஃப்ராம்ப்டன் உள்துறைக்குக் கடிதம் எழுதி வழி கேட்டார். கடற்படைக் கலகங்களை ஒடுக்க 1797இல் இயற்றப்பட்ட, இரகசிய உறுதிமொழிக்கு எதிரான சட்டத்தைச் சுட்டிக்காட்டியவர் மெல்போர்ன். ஆறு தொழிலாளர்களுக்கு ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. ஏப்ரல் 21 அன்று இலண்டன் தொழிலாளர்கள் பெருந்திரளாகத் திரண்டு இலட்சக்கணக்கானோர் கையொப்பமிட்ட மனுவைக் கொண்டுவந்தபோது, ஊர்வலமாக வந்தவர்களிடம் அதைப் பெற்றுக்கொள்ள அவர் மறுத்துவிட்டார். மென்மையாக மறுக்கும் கலை அவருக்கு அப்போதே கைவந்திருந்தது போலும்.

கைதிகள் கொண்டுசெல்லப்பட்ட ஆஸ்திரேலியாவில் ஒரு நகரத்துக்கு 1837இல் அவர் பெயரையே சூட்டினார்கள். ஆறுபேருக்கும் 1836இல் மன்னிப்புக் கிடைத்தது. அப்போது பிரதமராக இருந்தவரும் அவரே. ஓயாத கிளர்ச்சி அதைப் பெற்றுத்தந்தது.

தொடர் மக்களை முற்றிலும் மறைக்கிறது என்று சொல்வது நேர்மையாகாது. வாக்குரிமை கோரிய சாசன இயக்கத்தினர் 1839 நவம்பரில் நியூபோர்ட்டில் எழுச்சி செய்ததும், படையினரின் துப்பாக்கிக்கு இருபதுக்கு மேற்பட்டோர் பலியானதும் உண்மை வரலாறு. அந்த எழுச்சி தொடரிலும் இடம்பெறுகிறது. ஆனால் அங்கே அது அரசியின் மனத்தைச் சோதிக்கும் ஒரு நிகழ்ச்சி. அவளது இரக்கத்தால் மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைகிறது. வரலாற்றில் ஜான் ஃப்ராஸ்டையும் தோழர்களையும் தூக்குக் கயிற்றிலிருந்து மீட்டவை நாடெங்கும் குவிந்த மனுக்களும், தலைமை நீதிபதியின் பரிந்துரையும், கொந்தளிப்பு பெருகுமோ என்ற அரசாங்கத்தின் அச்சமும். அரச திருமணத்துக்கு அப்போது சில நாள்களே இருந்தன. போராடிப் பெற்றதை அரண்மனையின் கொடையாகக் காட்டுவது வெறும் தகவல் பிழையன்று.

இரண்டாம் பருவத்தில் அயர்லாந்துப் பஞ்சத்துக்கென ஓர் அத்தியாயம் உண்டு. அதில் வரும் பாதிரியார் டிரெயில் குட்வினின் மூதாதையர். தொடரின் மிகச் சிறந்த பகுதி அதுவே. அங்கே காதல் ஒதுங்கி நிற்கிறது, பசி பேசுகிறது. பத்து இலட்சம் பேரைக் காவுகொண்ட அப்பஞ்சத்தில் கருவூலத்தின் கைப்பிடியை இறுக்கிய சார்லஸ் டிரெவெல்யன் பின்னர் 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார் என்பது தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ளத்தக்கது.

மூன்றாம் பருவம் 1851ஆம் ஆண்டின் மாபெரும் பொருட்காட்சியோடு முடிகிறது. பஞ்சாபை இணைத்துக்கொண்டபோது பத்து வயதுச் சிறுவன் துலீப் சிங்கிடம் கையொப்பம் பெற்று எடுக்கப்பட்ட கோகினூர் வைரம் அந்தப் பொருட்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது.

தொடர் எட்டாத ஆண்டுகளில்தான் அந்த அரசி இந்தியாவின் பேரரசியானார். 1877 சனவரி முதல் நாள் தில்லியில் லிட்டன் பிரபு தர்பார் கூட்டி அதை அறிவித்தபோது, தென்னாட்டில் தாது வருடப் பஞ்சம். நிவாரண வேலையில் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதுமென லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் கணக்கிட்டார். சென்னை பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். இறந்தோர் 50 இலட்சத்துக்கு மேல். வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ அக்காலத்தைப் பாடியிருக்கிறது.

அந்தப் பிற்கால விக்டோரியாவும் திரைக்கு வந்துவிட்டார். 2017இல் வெளிவந்த ‘விக்டோரியா அண்டு அப்துல்’ திரைப்படம், 1887 பொன்விழாவின்போது இந்தியாவிலிருந்து சென்ற பணியாளர் அப்துல் கரீம்மீது முதிய அரசி கொண்ட பரிவைக் கதையாக்கியது. படத்தில் அவர் உருது கற்கிறார், மாம்பழம் கேட்கிறார். பஞ்சம் முடிந்து அப்போது பத்தாண்டுகூட ஆகியிருக்கவில்லை.