வட்டிக்கு வாங்காதவனுக்கு வாடகை வீடு இல்லையா?

பெயரைக் கேட்டவுடன், "சைவம் சாப்பிடுறவங்களுக்குத்தான் கொடுக்கிறதா இருக்கோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்துவது நமக்குப் பழகிப்போன அவமானம். சென்னையில் வீடு தேடி அலைந்த முஸ்லிம் இளைஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்போது அந்தக் கதவில் இன்னொரு பூட்டும் தொங்குகிறது. அதன் பெயர் சிபில் ஸ்கோர்!

வங்கிக் கடனுக்குப் பார்க்கும் இந்த மதிப்பெண்ணை வீட்டு உரிமையாளர்கள் சிலரும் தரகர்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். குடிவருபவர் வாடகை தருவாரா என்று விசாரிப்பது தவறா? இல்லை. வீட்டை நம்பிக் கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் எதை வைத்து விசாரிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

சகோதரர்களே, சிந்தித்துப் பாருங்கள். 300 முதல் 900 வரை போடப்படும் இந்த மதிப்பெண், ஒருவர் வாங்கிய கடனை எப்படிக் கட்டினார் என்பதைத்தான் சொல்லும். மூன்று கிரெடிட் கார்டு, ஒரு பைக் லோன், ஒரு பர்சனல் லோன் என்று வாங்கி, தவணை தவறாமல் வட்டியோடு கட்டியவர் யோக்கியர். மண்ணடியில் இருபது வருடம் கடை நடத்தி, ஹராம் என்று அஞ்சி வட்டிப் பக்கமே போகாமல், கைமுதலில் சரக்கெடுத்து, ஒரு பைசா பாக்கி வைக்காத வியாபாரிக்கோ மதிப்பெண்ணே கிடையாது! "கடன் வரலாறு இல்லை" என்று ஒரு குறிப்பு வரும். மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் அவர் கொடுத்து வந்த வாடகை பொதுவாக அந்த அறிக்கையில் ஏறுவதே இல்லை. வாடகை தருவாரா என்று பார்க்கும் இடத்தில் வாடகைக் கணக்கே இல்லை என்றால், அது என்ன சோதனை?

பெயரைச் சொல்லி மறுத்தால் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். எண்ணைக் காட்டி மறுத்தால் அதுவும் இல்லை. சட்டத்திடம் போகலாம் என்றால், கடை, உணவகம், கிணறு என்று பாகுபாட்டைத் தடுக்கும் அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவில் வாடகை வீடு சொல்லப்படவில்லை. ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே என்று வீட்டுவசதிச் சங்கம் விதி வைத்துக்கொள்வதை 2005ல் உச்சநீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

ஆகவே, நம் கையில் இருப்பதை நாம் சரியாக வைத்திருக்க வேண்டும். வாடகையை வங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள். பழைய வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். ஜி.எஸ்.டி. கணக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள். சிபில் கேட்பவரிடம் இவற்றை மேசையில் வைத்து, "வாடகை தருவேனா என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?" என்று கேளுங்கள். உங்கள் கடன் அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை நீங்களே இலவசமாக எடுக்கலாம். யாரோ ஒரு தரகரிடம் பான் எண்ணையும் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யையும் தூக்கிக் கொடுக்காதீர்கள்!

சொந்த வீடு, கடை வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்களே, உங்களிடமும் ஒரு கேள்வி. பத்து மாத அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு துண்டுச் சீட்டுகூடத் தராதவர்கள் நம்மில் இல்லையா? காலி செய்யும்போது பெயிண்ட் செலவு, குழாய் செலவு என்று பாதியைக் கழிப்பவர்கள் இல்லையா? கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282ம் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே நீளமானது. அட்வான்ஸ் என்பது திருப்பித் தர வேண்டிய கடன்தானே பாய்? 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. அடுத்த தெருவுக்காரன் நம் பிள்ளைக்கு வீடு தரவில்லை என்று கொதிக்கும் நாம், நம் வீட்டில் குடியிருப்பவருக்குக் கடந்த மாத ரசீதைக் கொடுத்துவிட்டோமா?