டெம்பர்டு கிளாஸ் ஒட்டினால் போதுமா?

செல்போனைப் பாதுகாப்பது எப்படி என்று கேட்டால் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். நல்ல கவர் போடு, டெம்பர்டு கிளாஸ் ஒட்டு, கீழே போடாதே... சரிதான். ஆனால் இதெல்லாம் கையில் இருக்கும் பொருளைக் காப்பாற்றும் வழி. அதை வைத்திருக்கும் ஆளைக் காப்பாற்றும் வழி என்ன? போடிநாயக்கனூரைத் தாண்டி மலை ஏறினால் இந்தக் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது.

2018 மார்ச் 11-ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அவர்களிடம் செல்போன் இல்லாமலா இருந்தது? உதவி கேட்டு அழைப்பும் போனது. ஆனால் அழைப்பு போகிற வேகத்தில் வண்டி போகாத சரிவுக்கு ஆட்கள் போய்ச் சேர முடியுமா? விமானப்படை ஹெலிகாப்டர் வரை வரவழைக்க வேண்டியிருந்தது. இத்தனைக்குப் பிறகும் "போன் இருக்குல்ல, என்ன பயம்?" என்று கிளம்புகிறவர்களை என்ன சொல்வது!

முதல் மூடநம்பிக்கை, "சிக்னல் இல்லாவிட்டாலும் 112 போகும்" என்பது. பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாமல் வேறு கம்பெனியின் டவர் எட்டினால், அது வழியாகப் போக வாய்ப்பு உண்டு. எந்த டவரும் எட்டாத பள்ளத்தில் 112-ம் போகாது, 100-ம் போகாது. போடிமெட்டு பக்கம் இன்னொரு சிக்கல். நிற்பது தமிழ்நாட்டில், போன் பிடிப்பது கேரள டவராக இருக்கலாம். அதனால் அழைப்பு கிடைத்தவுடன் மாநிலம், ஊர், எஸ்டேட் பெயரைச் சொல்லிவிட வேண்டும். பேச முடியாத அளவுக்கு சிக்னல் மோசமா? எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள். பேச்சு அறுந்துபோகும் இடத்திலும் அது சில நேரம் போய்விடும்.

இரண்டாவது, சார்ஜ். சிக்னல் கிடைக்காத இடத்தில் போன் சும்மா இருப்பதில்லை. டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். ஏறும்போது ஏர்பிளேன் மோடில் போடுங்கள். ஜி.பி.எஸ். அப்போதும் வேலை செய்யும். வரைபடத்தை மட்டும் கீழேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நூறு செல்ஃபி எடுத்துவிட்டு 4 சதவீதத்தோடு காட்டுக்குள் நிற்பவரை எந்த டெம்பர்டு கிளாஸ் காப்பாற்றும்?

மூன்றாவது, மழை. ஏலத்தோட்ட மழையில் போன் நனைவது சகஜம். உடனே அரிசி டப்பாவுக்குள் போடுகிறார்கள். அரிசியில் போட வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. தூளும் துகளும் உள்ளே போகும், அவ்வளவுதான் மிச்சம். ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோரின் சூட்டில் வைக்கலாம் என்ற யோசனை அதைவிட மோசம். அங்கே சூடு 45 முதல் 55 டிகிரி வரை போகும். அது காய்க்கு நல்லது, லித்தியம் பேட்டரிக்கு எமன். அணைத்து, துடைத்து, காற்றாட வையுங்கள். ஈரம் போகும்வரை சார்ஜர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பேட்டரி உப்பிவிட்டால் ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டாமல் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது இடி. செல்போன் மின்னலை இழுக்கும் என்பது கட்டுக்கதை. ஆனால் இடி இடிக்கும்போது சார்ஜில் செருகியபடியே பேசுவது உண்மையான ஆபத்து. கட்டுக்கதைக்குப் பயப்படுகிறோம், கம்பிக்குப் பயப்படுவதில்லை!

"டவர் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார்கள். வைக்கட்டும், நல்லதுதான். ஆனால் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் மலையில் ஒரு டவர் எல்லாப் பள்ளத்தையும் எட்டிப் பார்க்காது. கரண்ட் போய் டவரின் பேட்டரியும் தீர்ந்தால் அதுவும் ஊமைதான்.

2017 முதல் இந்தியாவில் விற்கும் போன்களில் ஆபத்துப் பொத்தான் வசதி கட்டாயம். சாதா போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று முறை அழுத்துவது போன்ற வழி இருக்க வேண்டும். விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போகிற எத்தனை பெண்களுக்கு இது தெரியும்? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கடைக்காரர் கவர் விற்றார், கம்பெனி ரீசார்ஜ் விற்றது. அத்தோடு அவர்கள் கடமை முடிந்தது!

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் "இதற்கு மேல் சிக்னல் இல்லை" என்று ஒரு பலகை வைக்க என்ன பெரிய செலவு? தோட்டத்தில் வேலை செய்பவர்கள் போனை சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர், இதைக் கொடுத்தால் முதலாளியின் ஏலக்காய் விலை குறைந்துவிடுமா?

அதெல்லாம் வரும்போது வரட்டும். மலை ஏறுபவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் இறங்குவோம் என்று கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். போன் செத்துப்போனாலும் தேடி வர ஒரு ஆள் இருப்பார். அதற்கு சிக்னலும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம்.