பத்து நிமிஷத் தீவு!

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரை ஆராய்ச்சி பண்ணினதுக்கு வந்த பாராட்டு, திட்டு ரெண்டுக்கும் தேங்க்ஸ். இந்த வாரம் உங்களைக் கடல் கடந்து கூட்டிட்டுப் போறேன். பயப்படாதீங்க, பாஸ்போர்ட் வேண்டாம்!

எங்க அண்ணன் இங்கிலாந்துல போர்ட்ஸ்மவுத்ங்கிற துறைமுக ஊர்ல நர்ஸா இருக்கார். எனக்கு இன்ஜினீயரிங் ஃபீஸ் கட்டுற புண்ணியவான் அவர்தான். 2024 செம் லீவுல டிக்கெட்டும் போட்டு வரவழைச்சார். அவர் ரூம்ல இருந்து கொஞ்ச தூரம் நடந்தா சவுத்ஸீ கடற்கரை. அங்கே நின்னா, எதிர்ல ஆமை படுத்திருக்கிற மாதிரி ஒரு தீவு.

‘‘அது என்னண்ணே?’’

‘‘ஐல் ஆஃப் வைட். ஹோவர்கிராஃப்ட்ல பத்து நிமிஷம்.’’

‘‘எப்படி இருக்கும்?’’

‘‘தெரியாதுடா... போனதில்ல.’’

மூணு வருஷமா கண்ணெதிர்ல நிக்கிற தீவு பாஸ்! நைட் ஷிஃப்ட், அது முடிஞ்சா எக்ஸ்ட்ரா ஷிஃப்ட், மிச்ச நேரம் தூக்கம். அந்த எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் எல்லாம் எந்த காலேஜ் அக்கவுன்ட்டுக்குப் போச்சுன்னு கேட்காதீங்க. ரெண்டு நாள் லீவு போட வெச்சுட்டுதான் மறுவேலை பார்த்தேன். ராத்திரியோட ராத்திரியா லிஸ்ட்டும் ரெடி. விக்டோரியா மகாராணி 1901-ல கண்ணை மூடின ஆஸ்போர்ன் பங்களா, அதுக்குள்ளே பஞ்சாப்ல இருந்து வந்த பாய் ராம் சிங் வடிவமைச்ச தர்பார் ஹால், டைனோசர் எலும்பு கிடைக்கிற பாறைகள்... மொத்தம் பதினோரு ஐட்டம்!

முதல்ல ஹோவர்கிராஃப்ட். இன்ஜினீயரிங் பசங்க மட்டும் கொஞ்சம் கிட்டே வாங்க, மத்தவங்க கேன்டீன் போயிட்டு வந்துடுங்க. 1955-ல கிறிஸ்டோஃபர் காக்கரெல்னு ஒரு இன்ஜினீயர் பூனைச் சாப்பாட்டு டப்பாவை ஒரு காபி டப்பாவுக்குள்ளே வெச்சு, நடுவுல இருக்கிற இடைவெளி வழியா காத்தை அடிச்சுப் பார்த்தார். கீழே சமையல் கட்டுத் தராசு! ஒரே டப்பாவுல அடிச்சதைவிட காத்து பலமாத் தள்ளுச்சு. அதுதான் ஆரம்பம். கடற்படைக்காரங்க ‘இது விமானம்’னாங்களாம், விமானப்படைக்காரங்க ‘இது கப்பல்’னாங்களாம். கடைசியில இதே தீவுல கௌஸ்ங்கிற ஊர்ல முதல் வண்டி தயாராகி, 1959 ஜூலை 25-ம் தேதி ஆங்கிலக் கால்வாயையே தாண்டுச்சு.

சவுத்ஸீயில இருந்து நாங்க போன வண்டி, ரப்பர் பாவாடை கட்டின பஸ் மாதிரி இருந்துச்சு. காத்து நிரம்பினதும் கும்முனு எழுந்து, கரையில இருந்து அப்படியே தண்ணிக்கு வழுக்கிட்டுப் போகுது. எதிர்க் கரையில ரைடுங்கிற ஊர். அங்கே கடல் உள்வாங்கினா கிட்டத்தட்ட அரை மைலுக்கு வெறும் மணல்தான். கப்பல் எங்கிட்டு வரும்? அதனாலதான் 1814-லேயே கடலுக்குள்ளே நீளமா ஒரு மரப்பாலம் போட்டாங்க. ஹோவர்கிராஃப்ட்டுக்கு அந்தக் கவலையே இல்லை. தண்ணியோ மணலோ, மேல ஏறி வந்து ஹாயா உட்கார்ந்துடுது!

அங்கேயிருந்து ரயில். ரைடுல இருக்கிற சுரங்கம் உயரம் கம்மி, சாதா ரயில் தலை இடிக்கும். அதனால லண்டன் பாதாள ரயிலுக்கு வயசானா இங்கே அனுப்பிடுறாங்க. 1938 மாடல் பெட்டிகள் 2021 ஜனவரி வரைக்கும் ஓடியிருக்கு. நம்ம லேப்ல இருக்கிற லேத் மெஷினுக்கு அண்ணன் முறை!

அரை மணி நேரத்துக்குள்ள ஷாங்க்ளின். கீழே இறங்கினா நீளமான மணல் கரை. மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கினோம். ஒரு பொட்டலம் பன்னிரண்டு பவுண்டு. ‘‘ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேலண்ணே!’’ன்னேன். ‘‘கணக்குப் போட்டா இந்த ஊர்ல தண்ணிகூடக் குடிக்க முடியாது. சாப்பிடுடா’’ன்னார். சாப்பிட்டதும் ஒரு சாய்வு நாற்காலியை வாடகைக்கு எடுத்தார். ‘‘அஞ்சு நிமிஷம்’’னு சொல்லிட்டுக் கண்ணை மூடினார். மூணு மணி நேரம்!

சத்தியமா சொல்றேன், கடுப்பாயிட்டேன். லிஸ்ட்ல ரெண்டு ஐட்டம் காலி. ஒரு கடல்காக்கா வேற என் வறுவலைத் தூக்கிட்டுப் போச்சு. எழுப்பலாம்னு கிட்டே போனா, அண்ணன் வாயைத் திறந்து தூங்கறார். கண்ணுக்குக் கீழே கருவளையம். வீடியோ கால்ல அது தெரியவே தெரியாது பாஸ். ஊர்ல எங்க அப்பா அறுவடை முடிஞ்சு திண்ணையில தூங்குவாரே, அதே தூக்கம். எழுப்பலை. அவர் முகத்துக்கு வெயில் படாம, நாற்காலியை நைசா நகர்த்தி வெச்சேன். கால் பக்கம் மட்டும் மறந்துட்டேன்.

எழுந்ததும், பேன்ட்டை முழங்கால் வரை மடிச்சுவிட்டுத் தண்ணியில இறங்கினார். ஜூன் மாசத்துலயே ஃப்ரிட்ஜ் தண்ணி மாதிரி ஜில்லுன்னு இருக்கு! ‘ஐயோ’ன்னு ஒரு சத்தம் போட்டார் பாருங்க... பக்கத்துல ஒரு வெள்ளைக்காரப் பாட்டி நீச்சல் உடையில கழுத்தளவுத் தண்ணியில நின்னு எங்களைப் பார்த்துச் சிரிக்குது. மானம் போச்சுன்னு ரெண்டு பேரும் முழுசா முங்கினோம். ஒன்பது மணி வரை சூரியன் இறங்கலை, நாங்களும் ஏறலை.

மறுநாள் அவர் எழுந்ததே பதினோரு மணிக்கு. லிஸ்ட்டைக் கையில கொடுத்து, ‘‘ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கண்ணே’’ன்னேன். ரொம்ப நேரம் படிச்சுட்டு, ‘‘இந்தக் கலர் மண்ணு’’ன்னார். பஸ் மாறி ஆலம் பே போனோம். செங்குத்தா நிக்கிற மண் பாறையில சிவப்பு, மஞ்சள், வெள்ளைனு பட்டை பட்டையா அடுக்கு, அம்மா காயப் போட்ட சுங்குடிப் புடவைங்க மாதிரி. கடல்ல நீடில்ஸ்னு மூணு வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள். மார்க்கோனி 1897-ல கம்பியில்லாத் தந்தி நிலையம் வெச்சதும் இதே இடம்தான்னு நான் ஆரம்பிச்சேன். அண்ணன் கடைக்குள்ளே போயிட்டார். கலர் மண்ணை அடுக்கடுக்கா நிரப்பின ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி வாங்கினார், அம்மாவுக்கு. விலையை நான் ரூபாயில மாத்திப் பார்க்கலை.

சாயங்காலம் திரும்ப ரைடு. அன்னிக்கு ராத்திரியே அவருக்கு ஷிஃப்ட். வண்டிக்குக் காத்திருந்தப்போ அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன். ஊர்ல நடுராத்திரி ஆகப்போகுது, ஆனா அடுத்த நொடி போன்.

‘‘ஏன்டா, அண்ணன் காலெல்லாம் கறுத்துப் போயிருக்கே... சரியா சாப்பிடறானா?’’

‘‘வெயில்மா.’’

‘‘இங்கிலாந்துல ஏதுடா வெயிலு?’’

பதில் சொல்றதுக்குள்ளே வண்டி வந்துடுச்சு. ஏறி உட்கார்ந்தோம். கும்முனு எழுந்துச்சு, காதைக் கிழிக்கிற சத்தம். ‘‘மறுபடி எப்பண்ணே வரலாம்?’’னு கத்திட்டே திரும்பினேன். குப்பியை ரெண்டு கையாலும் பிடிச்சுக்கிட்டுத் தூங்கிட்டிருந்தார்.