ஒரே அறைக்கு இரண்டு விலையா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கன்னத்தில் ஓர் அறை. வாங்கியவர் பணியில் இருக்கும் அரசு ஊழியர் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 132ஆம் பிரிவு பாயும். இரண்டு ஆண்டு வரை சிறை, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம், வாரண்ட் இல்லாமலே கைது. அதே அறையை மூட்டை தூக்குகிறவர் வாங்கினால் 115(2). ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பரவாயில்லையே என்கிறீர்களா? மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் இதைப் போலீஸ் விசாரிக்கவே முடியாது!

முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் வேலை பார்த்த நான் அந்த முதல் வகைப் பாதுகாப்பில் இருந்தவன். அதனால்தான் கேட்கிறேன். என் கன்னம் மட்டும் என்ன உசத்தி?

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் இப்போது சுமைதூக்கும் தொழிலாளி. கூலியைக் கேட்டதற்கு நாலு பேர் முன்னால் அறைந்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் முதலில் கேட்ட கேள்வி, "எலும்பு கிலும்பு முறிஞ்சிருக்கா?" பல் விழுந்தாலோ, எலும்பு முறிந்தாலோ, பதினைந்து நாள் கடும் வலியில் கிடந்தாலோதான் அது கொடுங்காயம். அப்போதுதான் போலீஸ் தானாக விசாரிக்கும். பாவம், அவருக்குப் பல் எல்லாம் உறுதி. சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு நாள் கூலி போகும்.

இத்தனைக்கும் சட்டம் எழுதியவர்களுக்கு விஷயம் புரிந்தே இருந்தது. அடிக்கவே வேண்டாம், முஷ்டியை ஓங்கினாலே 'தாக்க முனைதல்', குற்றம். கடிநாயின் வாய்மூடியை அவிழ்க்கத் தொடங்கினாலும் குற்றம். 1860இல் எழுதிய இந்த உதாரணங்கள் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதுச் சட்டத்திலும் அப்படியே இருக்கின்றன. இதற்கான மூன்று மாதச் சிறை மாறவில்லை. அபராத உச்சவரம்பு மட்டும் 500லிருந்து 1,000 ஆயிற்று. இதற்குத்தான் புதுச் சட்டமா?

"எல்லா அறையையும் போலீஸ் எடுத்தால் பொய்க் கேஸ் குவியும்" என்பார்கள். அரசு ஊழியர் பிரிவில் மட்டும் பொய்க் கேஸ் வராதாமா? எல்லாரையும் பிடித்து உள்ளே போடச் சொல்லவில்லை நான். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், வழக்குப் பதியும் முன் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை முடிக்கலாம் என்று புது நடைமுறைச் சட்டமே சொல்கிறது. அதுபோல ஒரு வழி கூலிக்காரனுக்கும் வேண்டும்.

அதுவரை, அடிபட்டவர்கள் ரசீதோடு நின்றுவிடாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்குங்கள். ஓராண்டுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகவே புகார் கொடுக்கலாம்.

வக்கீலாக இருக்கும் என் பிள்ளைகள், மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். "அருமை சார்" மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.