லேப்டாப் தூங்கி எழுந்ததும் குழப்பம்: லினக்ஸ் கெர்னலில் ‘கிளீனப்’ எதற்கு?

லினக்ஸ் கெர்னலின் புதிய பதிப்பு ஏறக்குறைய 9, 10 வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொரு முறையும் மாற்றப் பட்டியலில் ‘கிளீனப்’ என்ற சொல் இருக்கும். புது வசதி எதுவும் இல்லையே, இதில் என்ன இருக்குன்னு தாண்டிப் போய்விடுவோம். பிராசஸர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியில் நடந்த ஒரு கதையைப் பார்த்தால் விஷயம் புரியும்.

பிராசஸர் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேலை இருந்தால் வேகம் கூடும், இல்லாவிட்டால் குறையும். வேகம் குறையும்போது மின்னழுத்தத்தையும் குறைக்கலாம். பேட்டரிக்கு நிஜமான லாபம் அங்கேதான். லினக்ஸில் இதைக் கவனிப்பது ‘சிபியூஃப்ரீக்’. ஆண்ட்ராய்டு போன்களுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். எந்த வேகம் வேண்டும் என்று முடிவெடுப்பவை ‘கவர்னர்’கள் (ராஜ்பவனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!). அதைச் சிப்பில் நிறைவேற்றுவது டிரைவர்.

2013-ல் என்ன நடந்தது?

லேப்டாப் தூங்கி எழுந்தால், இந்த அமைப்புகளுக்கான ஃபைல்களில் பயனர் வைத்திருந்த அனுமதிகள் அழிந்துபோயின. சின்னப் பிரச்சினை. தூங்கும்போது அந்த ஃபைல்களை நீக்கி, எழும்போது மறுபடி உருவாக்கும் ஃபங்ஷன்களை அழைக்காமலே விட்டுவிட்டார்கள். அனுமதிகள் தப்பின. ஆனால் அதே ஃபங்ஷன்கள்தான் சிபியூஃப்ரீக் சரியாக இயங்கத் தேவையான அடிப்படை ஏற்பாடுகளையும் செய்துகொண்டிருந்தன! விளைவு, தூங்கி எழுந்த கணினிகளில் வேகக் கட்டுப்பாடு தாறுமாறானது. ஜூலையில் அந்த மாற்றத்தையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ஒரே ஃபங்ஷனில் இரண்டு வேலைகள் பின்னிக் கிடந்ததுதான் சிக்கல். பிறகு அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, ஃபைல் தொடர்பான பகுதியை மட்டும் தவிர்த்தார்கள். முதலிலேயே செய்திருக்க வேண்டியது இதைத்தான்.

அதே காலகட்டத்தில் இன்னொரு சுத்தமும் நடந்தது. வேகம் மாறுவதற்கு முன்னும் பின்னும் மற்ற பகுதிகளுக்குத் தகவல் சொல்லும் கோடை ஒவ்வொரு டிரைவரும் தனித்தனியாக வைத்திருந்தது. காப்பி-பேஸ்ட் மாதிரிதான். ஒரு பிழை என்றால் எல்லா இடத்திலும் தேடித் திருத்தணும். அந்த வேலை பெரும்பாலான டிரைவர்களிடமிருந்து பொதுவான மையப் பகுதிக்குப் போனது.

2016-ல் கவர்னர்களின் முறை. குறிப்பிட்ட இடைவெளியில் விழித்து ‘வேலை இருக்கா?’ என்று பார்க்கச் சொன்ன டைமர்கள் 4.6 பதிப்பில் நீக்கப்பட்டன. பதிலாக, எந்த வேலை எப்போது ஓடணும்னு தீர்மானிக்கும் ஷெட்யூலரே நேரடியாகத் தகவல் தர ஆரம்பித்தது. அந்த ஏற்பாட்டின் மேல் கட்டப்பட்ட ‘ஷெட்யூட்டில்’ கவர்னர் அடுத்த பதிப்பான 4.7-லேயே வந்துவிட்டது.