மீன் செதிலுக்குள் இவ்வளவு புரதமா? ஜேடர்பாளையம் கழிவுக்கு எந்த வழி சரிவரும்?

ஞாயிற்றுக்கிழமை ஜேடர்பாளையம் தடுப்பணைப் பக்கம் போனால் முதலில் வரவேற்பது மீன் வறுவல் வாசனைதான். சரி, மீனைச் சுத்தம் செய்யும்போது ஒதுக்கிய செதில், குடல், செவுள் எல்லாம் என்ன ஆகும்?

குப்பை என்று நாம் நினைக்கும் செதிலிலும் தோலிலும் இருப்பது கொலாஜன் என்ற புரதம். செதிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தை அமிலத்தில் நீக்கிவிட்டு, குளிர்ந்த அசிட்டிக் அமிலத்தில் ஊறவைத்தால் அது கரைந்து வரும். சூடான நீரில் காய்ச்சி எடுத்தால் ஜெலட்டின். மாத்திரை கேப்சூல் கூடு செய்ய உதவுவது இதுதான்.

கிடைத்தது கொலாஜன்தானா என்று எப்படித் தெரியும்? ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். சாதாரண சதைப் புரதத்தில் அது இருக்காது. அடுத்து, எத்தனை டிகிரி சூட்டில் குலைகிறது என்று சோதிப்பார்கள். குளிர்கடல் காட் மீனின் கொலாஜன் சுமார் 15 டிகிரியிலேயே குலைந்துவிடும். நம்ம ஜிலேபி மீனோ வெப்ப நாட்டு மீன், 30 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். பிரேசிலின் ஃபோர்டலேசா நகரில் தீக்காயத்துக்குக் கட்டுப்போட இதே ஜிலேபித் தோலைத்தான் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

அதற்காக ஜேடர்பாளையத்தில் நாளைக்கே கொலாஜன் ஆலை வைத்துவிட முடியாது. ஐஸ் இல்லாமல் வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே கழிவு கெட்டுவிடும். பல வகை மீன் கலந்து வருவது இன்னொரு சிக்கல்.

இங்கே சரிவருவது 'சைலேஜ்' முறைதான். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பரிந்துரைக்கும் வழி இது. கழிவை அரைத்து, சுமார் 3 சதவீதம் ஃபார்மிக் அமிலம் கலந்து வைத்தால், குடலில் உள்ள நொதிகளே புரதத்தைக் கரைத்துக் கூழாக்கிவிடும். அமிலம் இருப்பதால் அழுகாது. ஆனால் கையுறை கட்டாயம், தோலில் பட்டால் புண்ணாகும்.

வாங்க ஆள் இருக்கிறதா? நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு மீன் தூள் புதிதல்ல. கூழைத் தவிட்டில் கலந்து உலர்த்தினால் தீவனத்தில் சேர்க்கலாம், அளவோடு. மீன் எண்ணெய் கூடினால் முட்டையிலேயே மீன் வாடை அடிக்கும்!

அமிலமே வேண்டாம் என்றால் விவசாயிகளுக்குத் தெரிந்த 'மீன் அமிலம்' இருக்கிறது. கழிவுக்குச் சம எடை வெல்லம், 21 நாள் ஊறல், பயிருக்குத் தெளிப்பு. வெல்லச் சந்தை பக்கத்து பிலிக்கல்பாளையத்திலேயே நடக்கிறது.

எந்த வழியானாலும் முதலில் வேண்டியது கடைக்கு ஒரு மூடி போட்ட வாளியும், அன்றன்றே வந்து எடுத்துப்போகும் ஒரு வண்டியும்தான்.